தறிக்குழியில் ஒரு ஹெரால்டு

2019 ஜூலையில் காஞ்சிபுரம் போய்விட்டு அத்திவரதரைச் சேவிக்காமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 1979-க்குப் பிறகு, நாற்பது வருஷம் கழித்து, பெருமாள் குளத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறார். 48 நாள் தரிசனம். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுத் திண்ணைகளெல்லாம் செருப்புக் குவியல். நானோ ஊரின் மேற்குக் கோடியில், பிள்ளையார்பாளையத்தில், கூரை இல்லாத ஒரு பழைய காரைப் பார்க்க வந்திருந்தேன்.

“ஊரு உலகமே பெருமாளைப் பாக்க வருது. இவரு காரு பாக்க வந்திருக்காரு” என்று அத்தை காபி டம்ளரைச் சற்று ஓசையோடு வைத்தார்.

காரைப் பற்றிச் சொன்னவர் மாமாதான். நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். அவர் கூலிக்கு நெய்துவந்த முதலாளி வீட்டுப் பேரன், பழைய கார்ப் பித்துப் பிடித்து ஒரு ஹெரால்டை வாங்கி, அதில் ஜிப்ஸி ஜீப்பின் என்ஜினை மாட்டி, இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, கல்யாணம் நிச்சயமானதும் விற்கப் பார்க்கிறார் என்று போனில் சொன்னார். “மேக்கூரை கெடயாது மாப்ள. செவப்பு. ரெண்டு பேருதான் ஒக்காரலாம். ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்றான்.” விலை நாலரை லட்சம். மாமாவின் குரலில் அந்தத் தொகைக்கு எத்தனை புடவை என்று கணக்குப் போடும் தயக்கம் இருந்தது.

எனக்கு ஹெரால்டு என்றால் பெரியப்பாவின் வண்டி. வெள்ளைக்கும் வெண்ணெய்க்கும் நடுவான நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பானெட்டைத் திறப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடுவோம். மற்ற கார்களைப்போல மூடி மட்டும் மேலே போகாது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் பிளப்பதுபோல முன்னோக்கிச் சாயும். முன் டயர்மேல் பலகை போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டு என்ஜினில் கைவைக்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. எங்கள் முட்டுச்சந்தில் ஒரே திருப்பில் திரும்பியது அந்தக் கார் மட்டும்தான்.

அது நம் பக்கத்து வண்டியும்கூட. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலை 1961 முதல் பத்து ஆண்டுகள் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு. மற்ற இரண்டும் டாக்சியாகி நாடு முழுக்க ஓடின. ஹெரால்டு டாக்டர்கள், வக்கீல்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. நான் போன அந்த ஜூலையில் பெருங்களத்தூரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது அந்த நவம்பரில். கணக்குப்படி உள்ளூர்ப் பிள்ளை.

ஸ்போர்ட்ஸ் கார் என்று அந்தப் பையன் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் உடலை வைத்ததுதான். ஹெரால்டுக்குக் கூரையும் தனித்துண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் வந்துவிடும். கூரை போய், பின்சீட்டும் போய், சிவப்பும் அடித்துவிட்டால் பங்காளி முகச்சாயல் வந்துவிடுகிறது. “சோழவரத்துல ரேஸ் ஓடுன வண்டி” என்றும் சொல்லியிருந்தார். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்ததும், அதில் ஹெரால்டுகள் ஓடியதும் உண்மை. ஆனால் இன்று விற்பனைக்கு வருகிற பழைய கார்களெல்லாம் சோழவரத்தில் ஓடியிருந்தால் அந்த ஓடுபாதையில் வண்டி நிறுத்தவே இடம் இருந்திருக்காது.

துணைக்கு ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டேன். பதினாலு வயதில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். கூலி பேசும்போதே நிபந்தனை வைத்தார். “வண்டி வாங்கினா ரெண்டாயிரம். வாங்காட்டி ஆயிரம் போதும் சார்.” வாங்காமல் இருக்கச் சொல்வதில் தனக்கு நஷ்டம் இருக்கவேண்டும், அப்போதுதான் தன் பேச்சை நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. இதைவிட நேர்மையான கட்டண முறையை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஐந்தரைக்கே போய் நின்றோம். அதுவும் மேஸ்திரியின் ஏற்பாடு. வாங்க வருகிறவர் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால், காலையில் முதல் தடவை செல்ஃப் எடுக்கும்போது தெரியவேண்டிய நோயெல்லாம் மறைந்துவிடும். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கோபப்படவில்லை. “வாங்கண்ணா, டீ சாப்பிடுறீங்களா?” என்றார். நல்ல பிள்ளை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வருவதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வண்டி நின்றது வீட்டுக்குப் பின்னால் இருந்த நீளமான ஓட்டுக் கொட்டகையில். உள்ளே கால் வைத்ததும் மாமா நின்றுவிட்டார். “இங்கதான் மாப்ள, மூணாவது குழி. பதினோரு வருசம் கால உட்டிருக்கேன்.”

அது தறிக் கொட்டகை. ஒரு காலத்தில் நான்கு குழித்தறிகள் வரிசையாக இருந்த இடம். நெசவாளி தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். பேரன் காலத்தில் தறிகள் போயின. இரண்டு குழிகளை மண் கொட்டிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். மீதி இரண்டும் பலகை போட்டு மூடிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல்தான், சக்கரங்கள் இரண்டு பக்கமும் வருமாறு, சிவப்பு ஹெரால்டு நின்றுகொண்டிருந்தது.

மேஸ்திரி முதலில் பானெட்டைச் சாய்த்து, என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. எண்ணெய்க் குச்சியை உருவி மோந்து பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரல்விட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே சுழற்சியில் பற்றிக்கொண்டது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஜிப்ஸி கிங்கின் 1298 சிசி என்ஜின், கார்ப்பரேட்டர் வைத்தது, 60 குதிரைத் திறன். ஹெரால்டோடு பெருங்களத்தூரிலிருந்து வந்தது 948 சிசி, சுமார் 35 குதிரை. பையன் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொன்னார். அம்பாசிடரில் மாட்டடார் டீசல் என்ஜினை ஏற்றிக் காசு மிச்சம் பிடித்த ஊர்கள் நம்முடையவை. அதோடு ஒப்பிட்டால் இது ரசிகனின் தேர்வு. ஜிப்ஸி என்ஜின் நெடுக்குவாட்டில் உட்கார்வது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் வழியாகச் சக்தி அனுப்புவது. பழைய வண்டிக்காரர்கள் அதைத் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது.

“என்ஜின் தங்கம் சார்” என்றார் மேஸ்திரி. பையன் முகம் மலர்ந்தது. நானும் மனத்துக்குள் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

“சரி, இப்ப என்ஜின மறந்துடுவோம்” என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி பலகையை நகர்த்திவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

மாற்று என்ஜின் போட்ட வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் என்ஜினையே பார்க்கிறோம். பெண் பார்க்கப் போய்ப் புடவையைப் பார்த்துவிட்டு வருவதுபோல. வந்து சேர்ந்த என்ஜின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போன என்ஜினை யாரும் இவ்வளவு பாடுபட்டு மாட்டமாட்டார்கள். 948-க்கென்று கணக்குப் போட்டுச் செய்த மற்ற பாகங்கள் புது விருந்தாளியை எப்படித் தாங்குகின்றன, இரண்டும் சந்திக்கிற இடத்தில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும். அது குழியில் இறங்கினால்தான் தெரியும்.

தறிக்குழி ஆழமில்லை. மேஸ்திரி அதில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, டார்ச்சை மேலே அடித்தார். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். வண்டியின் அடியில் கறுப்பாகத் தார்போல எதையோ கனமாகப் பூசியிருந்தது. “புதுசா அடிச்ச கறுப்பு. எதையோ மூடியிருக்கு” என்று முணுமுணுத்தவர், திருப்புளியின் கைப்பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பிறகு ஒரு இடத்தில் ‘சொத்’. திருப்புளியைத் திருப்பி நுனியால் அழுத்தினார். உள்ளே போய்விட்டது. துருத்தூள் அவர் சட்டைமேல் கொட்டியது.

ஹெரால்டில் உடல் வேறு, சேசிஸ் வேறு. நடுவில் இருக்கும் முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் கைகள்போல நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புகள்மேல்தான் உடலைப் போல்ட்டுப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கைகளில் தண்ணீர் தேங்கும். முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். இந்த வண்டியில் இடதுபக்கக் கை ஒன்றுக்குத் தகடு வைத்து ஒட்டி, அதன்மேல் கறுப்பு அடித்திருந்தது. கூரை இருக்கிற வண்டியிலாவது கூரை கொஞ்சம் தாங்கும். இதில் அதுவும் இல்லை. மேஸ்திரி மேலே வந்து, ஜாக்கியை வண்டியின் நடுவயிற்றில் கொடுத்து மெதுவாக ஏற்றினார். என்னை இடதுபக்கக் கதவின் பின்னிடுக்கில் சுண்டுவிரலை வைக்கச் சொன்னார். ஜாக்கி ஏற ஏற இடுக்கின் அகலம் மாறுவது என் விரலுக்குத் தெரிந்தது. வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம்.

பையன் இதையெல்லாம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என்ஜின் உட்கார்ந்திருந்த தாங்கி. எல் ஆங்கிளை வெட்டிச் சேசிஸில் வெல்டிங் வைத்திருந்தார்கள். மேஸ்திரி டார்ச்சை அதன்மேல் பிடித்தபடி மாமாவைக் கூப்பிட்டார். ஏன் அவரை என்று எனக்குப் புரியவில்லை. “என் கண்ணுக்குச் சரியாத் தெரியல. நீங்க நெசவுக் கை. தடவிப் பாருங்க.” மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பழைய குழி வரிசையில் இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டு வெல்டிங் தையல்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினார். பட்டு இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் கை அது. பாதியில் விரல் நின்றது.

“இங்க மயிரிழை ஓடுது.”

துணியால் துடைத்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து துருக் கோடாக ஒரு விரிசல். என்ஜின் அதிர அதிர அது நீளும்.

“இது பிட்னி போடல மாப்ள. ஒட்டுப் போட்டிருக்கான்” என்றார் மாமா மேலே ஏறிக்கொண்டே. காஞ்சிபுரத்துக்கு வெளியே இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். உடல் ஒரு நிறம், முந்தி ஒரு நிறம் என்று புடவை வேண்டுமானால், உடலின் பாவு இழை ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவு இழையைக் கோத்துச் சேர்ப்பார்கள். அந்த இணைப்புதான் பிட்னி. ஆயிரக்கணக்கான இழைகள். வெட்டித் தைப்பது கிடையாது. கரையைச் சேர்க்கும் கோர்வைக்கு மூன்று நாடா, பக்கத்தில் ஓர் உதவியாள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் சொல்வது அதனால்தான். மாமாவுக்கு உலகத்தில் எந்த இணைப்பைப் பார்த்தாலும் பிட்னி, ஒட்டு இரண்டில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்; சம்பந்தி வீட்டாரையும் அப்படித்தான் எடைபோடுவார்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் வெட்டி ஒட்டியிருந்தது. ஜிப்ஸி கியர்பாக்ஸின் நீளம் வேறு. அதனால் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளத்தை மாற்றித்தான் ஆகவேண்டும், தப்பில்லை. ஆனால் மாற்றிய பிறகு அதைச் சுழலவிட்டுச் சமன் பார்த்து, எடைத்துண்டு வைக்கவேண்டும். இதில் எடைத்துண்டு எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் இருந்த டிஃபரன்ஷியலும் ஆக்சில் தண்டுகளும் 35 குதிரைக்குப் பிறந்தவை, அப்படியே விட்டிருந்தார்கள். பிரேக்கும் அப்படியே. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம்.

“இதுக்கு என்ன வேகம் போவீங்க தம்பி?” என்று கேட்டார் மேஸ்திரி.

“நூறு தாண்டும்ணே. ஆனா சரியாத் தெரியாது, மீட்டர் வேல செய்யாது.”

வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. ஜிப்ஸியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வராது. அதற்குப் பின்னால் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வரும். நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் அந்தப் பெட்டி ஹெரால்டுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். கேபிளைச் செருக இடமில்லாமல் போய்விட்டது. முள் இரண்டு வருஷமாகச் சுழியத்தில் படுத்திருக்கிறது.

“திருவாரூர் ஆழித்தேருக்கே முட்டுக்கட்ட போதாதுன்னு திருச்சி பெல் கம்பெனிக்காரன் ஹைட்ராலிக் பிரேக்கு வச்சுக் குடுத்தான். அது ஆமை மாதிரிப் போறது” என்றார் மேஸ்திரி. “என்ஜின் ரெண்டு மடங்காச்சுன்னா பிரேக்கு மட்டும் பழசே போதுமா தம்பி?”

பையன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. “கம்பெனிக்காரங்களே இப்படிப் பண்ணியிருக்காங்களே மேஸ்திரி” என்றேன். பெருங்களத்தூர் ஆலையின் கடைசிக் கதையைத்தான் சொன்னேன். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவர் எஸ்.டி.1-இன் உடலைக் கொண்டுவந்து, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். உள்ளே வைத்தது மட்டும் வேன்களில் ஓடிக்கொண்டிருந்த, பழைய வான்கார்டு வம்சத்து 1991 சிசி என்ஜின். பட்டத்து யானைக்கு வண்டிமாட்டின் கால். 1988-இல் ஆலை மூடப்பட்டது. மேஸ்திரி அந்த வண்டிகளில் வேலை பார்த்தவர். “அது சின்ன என்ஜின் பெரிய வண்டி சார். மெதுவாப் போவும், அவ்ளோதான். இது பெரிய என்ஜின் சின்ன வண்டி. ஆள அடிச்சுடும்.” வாதம் அதோடு முடிந்தது.

அப்படியும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். ஊர் முழுக்கத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், தரிசனம் முடிந்த பிறகு ஓட்டிப் பார்க்கலாமே என்றார் பையன். மேஸ்திரி விடவில்லை. செவிலிமேடு வழியாகப் பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவது என்று முடிவானது. பையன் ஓட்ட, நான் பக்கத்தில். மேஸ்திரி பின்சீட்டு இருந்த இடத்தில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்துகொண்டார், பின்னச்சின் சத்தத்தை அங்கிருந்துதான் கேட்கமுடியும் என்று.

பொய் சொல்லக் கூடாது: அந்தப் பத்து நிமிஷம் நான் பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டேன். கூரை இல்லாத வண்டியில் விடியற்காலை. இரண்டு பக்கமும் வயல் ஈரம். பாலத்தில் ஏறியதும் கீழே பாலாறு மணலாய் விரிந்து கிடக்கிறது. என்ஜின் பாடுகிறது. பெரியப்பா வண்டி இப்படி ஒருநாளும் பாய்ந்ததில்லை. இப்போதே பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. போனில் வேகம் காட்டும் செயலியைப் போட்டுக் கையில் பிடித்திருந்தேன். அறுபதைத் தொட்டதும் கண்ணாடியில் மேஸ்திரியின் முகம் இரண்டாகத் தெரிந்தது. நாற்பத்தைந்துக்கு இறக்கினால் ஒன்றாகிவிடுகிறது. மறுபடி அறுபது, மறுபடி இரண்டு மேஸ்திரி. ஷாஃப்ட் ஆடுகிறது.

திரும்பும்போது விடிந்துவிட்டது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேன்களும் பேருந்துகளும் வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. செவிலிமேட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. திறந்த சிவப்புக் காரில் மூன்று பேரைப் பார்த்துவிட்டு, வேனிலிருந்த பாட்டி ஒருவர் “அத்திவரதருக்கு இப்படித்தான் போவணுமா?” என்று கேட்டார். காவலர் ஒருவர் அருகில் வந்தார், எனக்கு ஆர்.சி. புக்கின் நினைவு வந்து வயிற்றைக் கலக்கியது. “ஷூட்டிங்கா சார்?” என்றார் அவர். சிரித்து வைத்தோம். பதினைந்து நிமிஷம் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததில், ஓடும்போது நடுவில் நின்ற வெப்ப முள் எழுந்து சிவப்புக்கு வந்துவிட்டது. 948-க்குப் போட்ட ரேடியேட்டரை மாற்றவில்லை. ஓரங்கட்டி, பானெட்டைச் சாய்த்து, யாத்ரீகர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் இரண்டு குடம் வாங்கி ஆறவைத்தோம். பெருமாள் கைங்கரியத்தில் கொஞ்சம் ஹெரால்டுக்கும் கிடைத்தது.

வீடு திரும்பி ஆர்.சி. புக்கை வாங்கினேன். 1966-இல் பதிவான வண்டி, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண். சேசிஸ் எண் சரியாக இருந்தது. என்ஜின் எண்ணுக்கு நேரே பழைய 948-இன் எண்தான் இருந்தது. ஜிப்ஸி என்ஜினின் எண் எங்கேயும் ஏறவில்லை. அது எந்த ஜிப்ஸியிலிருந்து வந்தது என்பதற்கும் கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அந்த ஜிப்ஸி திருட்டு வண்டியாக இருந்திருந்தால் கேள்வி, இப்போது வைத்திருப்பவரிடம்தான் வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில்தான், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லியிருந்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. அபராதத்தைக் கட்டிவிடலாம். நாளை ஒருவர்மேல் மோதிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் முதலில் திறந்து பார்ப்பது இந்த என்ஜின் எண்ணைத்தான்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “தம்பி, பழைய என்ஜின் எங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவரைக் கூட்டிவந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பழைய என்ஜின் மூலையில் சாக்குப்போட்டு மூடிக் கிடந்தால் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. சேசிஸைச் சரிசெய்துகொள்ளலாம்; 948-ஐத் திறந்து, ரிங் மாற்றி, உட்காரவைத்துவிடலாம்; எண் ஒத்துப்போகும்; பிரேக்கும் பின்னச்சும் ரேடியேட்டரும் தங்களுக்குத் தெரிந்த பழைய ஆளோடு சமாதானமாகிவிடும். ஜிப்ஸி என்ஜினை விற்றால் பாதிச் செலவு கைக்கு வந்துவிடும்.

“காயலான் கடைக்குப் போட்டுட்டேண்ணே” என்றார் பையன். “எடைக்கு எடுத்தாங்க. கியர்பாக்ஸோட சேத்து மூவாயிரத்துச் சொச்சம் வந்துச்சு.”

கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமாதான் வாயைத் திறந்தார். பழைய பட்டுப் புடவை வாங்கி, எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு. “பொடவய எரிக்கிறவன்கூட வெள்ளிய எடுத்து வச்சுக்குவான் தம்பி” என்றார். திட்டுவதுபோல இல்லை, வருத்தம்தான். அந்தக் கொட்டகையின் தறிகள் எந்தக் கடைக்கு, என்ன விலைக்குப் போயின என்று அவர் கேட்கவில்லை.

சேசிஸுக்கும் பிரேக்குக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு ஒன்றேமுக்கால் லட்சம் தரலாம், அதுவும் என்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழி இருந்தால் மட்டும் என்றார் மேஸ்திரி. வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன் மரியாதையாக மறுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். தாங்கி விரிசலைச் சரிசெய்யும்வரை எடுக்கவேண்டாம் என்று மேஸ்திரி அவரிடம் இரண்டுமுறை சொன்னார். ஆயிரம் ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அவர் மட்டும் அத்திவரதர் வரிசைக்குப் போனார். ஏழு மணி நேரம் நின்றதாகப் பிறகு சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, 2021 ஜூலையில், மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புது எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை ஒன்று: சேசிஸோ உடலோ என்ஜினோ மாறாமல் வண்டி பிறந்தபடியே இருக்கவேண்டும். அதற்கு அடுத்த மாதம் பையன் போன் செய்தார். வண்டி இன்னும் விற்கவில்லை. கொட்டகையில்தான் நிற்கிறது, குழந்தை பிறந்துவிட்டது என்றார். தயங்கித் தயங்கி, “அண்ணா, 948 என்ஜின் எங்கயாவது கெடைக்குமா?” என்று கேட்டார்.

எண் ஒத்துப்போகாதே என்றேன். பரவாயில்லை, வண்டிக்குள் அதன் என்ஜினாவது இருக்கட்டும் என்றார். மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தேன். அவர் சென்னைப் புதுப்பேட்டையில் நான்கு நாள் அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் சொன்ன விலை முப்பத்தெட்டாயிரம். கியர்பாக்ஸ் தனி.